மாமா கொண்டுவந்த இங்கிலீஷ்

எனக்கு எண்பது நடக்கிறது. பெற்றது ஏழு, நிலைத்தது ஐந்து. வளர்த்தது என்று பார்த்தால் மறுபடி ஏழுதான். அக்கா விட்டுப்போன இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவரையும் பசியோடு படுக்கவைத்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் அடக்கமாக இருந்து யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்?

எனக்கு எழுத்து அதிகம் வராது. கூட்டிக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் அக்காவின் பேத்தி. போன வாரம் இவள் பள்ளிக்கூடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ரைட் என்றால் வலப்பக்கமாம். ரைட் என்றால் சரியாம். நியாயம் என்றும் அர்த்தமாம், உரிமை என்றும் அர்த்தமாம். "ஒரு வார்த்தைக்கு இத்தன அர்த்தத்த யாரு ஆயா ஞாபகம் வெச்சுக்கறது, ஒரே பேஜாரு" என்று அலுத்துக்கொண்டாள். வாத்தியார் சரியான கணக்குக்குப் பக்கத்தில் போடும் கோட்டுக்கும் அதே பெயர்தானாம். பஸ்ஸில் கண்டக்டர் வண்டியை எடுக்கச் சொல்வதும் அதே சொல்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். "உன் பாடத்துல இல்லாத அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். நம்பாமல் சிரித்தாள். அதனால்தான் உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன்.

ஆரணிப் பக்கம் ரயில் வராத காலம் அது. களம்பூர் வழியாகத் தண்டவாளம் போடப் போகிறார்கள் என்று துரைமார் வந்து இடம் அளந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, அப்பாவிடம், நாங்கள் நைனா என்போம், தறி பழகியவர். ஆனால் அவர் கால் தறிக்குழியில் தரிக்காது. தெருவில் வண்டி மாட்டின் மணி கேட்டால் போதும், இழை ஓட்டும் நாடாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார். ஒருநாள் நைனா ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, போட்டிருந்த துணியோடு கிளம்பிப் போய்விட்டார். அளக்க வந்த துரையின் டேராவில் கொடிக்கம்பு பிடிக்கும் ஆளாகச் சேர்ந்திருக்கிறார் என்று சந்தைக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

இரண்டு பொங்கல் கழித்துத் திரும்பி வந்தார். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. வாசலில் நின்றவரை அம்மாவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் வெயிலில் காய்ந்து கறுத்திருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு போட்டிருந்தார். அதில் ஒரு பொத்தான் இல்லை. அம்மா அழுதாள், திட்டினாள், பிறகு இலை போட்டாள். சோறு போதுமா என்று கேட்டதற்கு மாமா தலையைத் தூக்கி, "ஆல்ரைட்டு" என்றார்.

"இன்னாடா அது?"

"இங்கிலீசுக்கா. போதும்னு அர்த்தம்."

கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்றாள் அம்மா. அதற்கும் "ஆல்ரைட்டு" என்றார்.

"இப்பதான போதும்னு சொன்ன?"

"இது, ஊத்துன்னு அர்த்தம்."

"இந்த ஒரு வார்த்தையக் கத்துகினு வரத்தான் ஊரூரா அலஞ்சியா?" என்றாள் அம்மா. ஆனால் குழம்பை இரண்டு கரண்டி ஊற்றினாள்.

உண்மையிலேயே அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடுவார். பால்காரர் பாலை நுரையில்லாமல் அளந்தால் "ரைட்டு". வழியில் படுத்திருக்கும் மாட்டை எழுப்ப "ரைட்டு ரைட்டு". நான் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டால் மண்ணை ஊதித் துடைத்துவிட்டு "ஆல்ரைட்டு". நைனா ஏதாவது கோபமாகச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் ஒரு "ரைட்டு". உன் பாட்டுக்குப் பேசு, என் பாட்டுக்கு நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். தெருப்பிள்ளைகள் அவருக்கு ஆல்ரைட்டு மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் எனக்குத்தான் மாமா, உங்களுக்கு இல்லை என்று நான் அவர்களோடு சண்டைக்குப் போவேன். அவர் எந்த ரைட்டை எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு அத்துப்படி. அதில் எனக்கு இருந்த கர்வம், பிற்பாடு மூன்று தறி வைத்து நடத்தியபோதுகூட வந்ததில்லை.

அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று அவரே எனக்குக் காட்டினார். துரை மூன்று காலில் நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துக்கொள்வாராம். மாமா ரொம்ப தூரத்தில் கொடிக்கம்போடு நிற்பாராம். வலப்பக்கம் நகர வேண்டுமானால் துரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் "ரைட்டு" என்று கூவுவானாம். ஒரு சாண் நகர்ந்தால் மறுபடி "ரைட்டு". கம்பு நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் "ஆல்ரைட்டு". அதைக் கேட்ட இடத்தில் கம்பை நட்டுவிட வேண்டியது. அந்தக் கம்பு நின்ற வழியாகத்தான் நாளைக்கு ரயில் போகும்.

"இடப்பக்கம் போகணும்னா மாமா?"

"அதுக்கு வேற வார்த்த. அது எனக்கு ஒட்டல."

நைனாவுக்கு அவர் இங்கிலீஷ் பிடிக்காவிட்டாலும், அது ஒரு வேலைக்கு உதவியது. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். ஒரு சேலைக்கு வேண்டிய நீளவாட்டு இழை முழுவதையும் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இழைஇழையாகப் பிரித்துவிட வேண்டும். பாவு கோணலாக நின்றால் ஒரு ஓரம் இறுகும், ஒரு ஓரம் தொங்கும். நெய்யும்போது அந்தத் துணி உயிரை வாங்கிவிடும். அதனால் ஒருவர் ஒரு முனையிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் மறுமுனைக் கம்பை நகர்த்தி நகர்த்தி நேராக்குவார். துரையிடம் கண்ணை வைக்கக் கற்றவர் மாமா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த முனையில் குத்துக்காலிட்டு உட்காருவார். அந்த முனைக் கம்பைப் பிடிப்பது என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அதிகம் பேசமாட்டாள். நீளமான விரல், அறுந்த இழையை அவள் முடிந்தால் முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலக் கணக்கில் அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று ஊரில் பேசினார்கள். முறைமாமன் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாருக்கு என்று கொடுப்பது? அம்மா தம்பி வரட்டும், தம்பி வரட்டும் என்றே நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

முதல்நாளே இரண்டு பேருக்கும் தகராறு. மாமா "ரைட்டு" என்றதும் அக்கா தன் வலக்கைப் பக்கம் நகர்ந்தாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். எதிரும் புதிருமாக நின்றால் ஒருவருக்கு வலப்பக்கம் இன்னொருவருக்கு இடப்பக்கம் அல்லவா?

"என் ரைட்டு!" என்று கத்தினார்.

"எனக்கு அது பீச்சாங்கைப் பக்கம்" என்றாள் அக்கா. தெருவே கேட்க அவள் குரல் எழுந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாமா கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இனிமேல் ரைட்டு என்றால் அக்காவின் வலப்பக்கம்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இடப்பக்கத்துக்கு அவரிடம் சொல் இல்லாததால், அக்கா வலப்பக்கமாகவே போய்ப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டே பழைய இடத்துக்கு வந்து முதலிலிருந்து தொடங்குவாள். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாவுக்கும் மாமாதான் கண் வைப்பார். அங்கே இரண்டு ரைட்டு, ஒரு ஆல்ரைட்டு, முடிந்தது. எங்கள் பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்? குரலும் வேறு. மற்றவர்களிடம் மாட்டை ஓட்டுகிற மாதிரி கூவுவார். அக்காவிடம் மட்டும், அத்தனை தூரத்துக்குக் கேட்கவே கேட்காத மாதிரி, மெதுவாகச் சொல்வார். அவளுக்கு எப்படியோ கேட்டுவிடும். அக்காவுக்குக் கம்பு பிடிக்க வரவில்லை, மாமா பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

பங்குனி கடைசியில் ஒருநாள் நைனா முள்ளிப்பட்டு வரைக்கும் போயிருந்தார். பாவைப் பார்த்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மா கிணற்றடியில் இருந்தாள். இழை பிரித்துக்கொடுக்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். "ரைட்டு" என்றார் மாமா. ஒரு விரல் அளவு நகர்ந்தாள் அக்கா. "ரைட்டு." இன்னும் ஒரு விரல். சுவரில் இடித்தாள், திரும்பி வந்தாள், மறுபடி ஒரு விரல். எதிர்வீட்டுக் கூரைமேல் வெயில் இறங்கி, சுவர் தாண்டி, மண்ணில் கால் வைத்துவிட்டது.

"ஏ தொரை!" என்றாள் எதிர்வீட்டு அத்தை. "பாவு நேரா நிக்குதான்னு பாக்கறியா, பொண்ணு நேரா நிக்குதான்னு பாக்கறியா? ஜல்தி ஆவட்டும், எங்க வூட்டுல அடுப்பு எரிஞ்சிகினு இருக்குது."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெயில்பட்ட மாதிரி சிவந்திருந்தது. அப்போதுதான் தெருமுனையில் நைனா வந்தார்.

அவர் கத்தவில்லை. பாவின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். கஞ்சி காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா நாடாவாகப் பிடித்திருந்தன. ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார், பத்து அறுந்தது. பிறகு நிமிர்ந்து இந்த முனையில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். தெருவின் முழு நீளத்தையும் கடந்து அந்த முனையில் நின்ற அக்காவைப் பார்த்தார். அவள் இன்னும் கம்பை விடவில்லை. "போதும். சுருட்டு" என்றார் நைனா. ஒரு பாவு காயவேண்டுமானால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் அதிலிருந்து வேறு என்ன படித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அந்த இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பட்டு, நெய்யக் கொடுத்த முதலாளியுடையது; எங்கள் கையில் கெட்டது என்று பேர் வரக்கூடாது. அப்படி ஒரு மத்தியானத்தில் அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அவனுக்கு முறை இருக்குதுங்க."

"முறை இருக்குது. இல்லேன்னு சொல்லல. தறி இருக்குதா? வூடு இருக்குதா? இன்னிக்கி ஒரு ஊரு, நாளைக்கி ஒரு காடு. டேராவுல கொண்டுபோய் பொண்ணக் குடி வெப்பியா நீ?"

"இங்கியே இருப்பான். தறியில குந்துவான்."

மாமா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். சித்திரை முழுவதும் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து ஒரு ரைட்டுகூட வரவில்லை. நாலு இழை ஓட்டுவார்; தெருவில் மணி கேட்கும்; கை நிற்கும்; பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட்டுவார். அவர் நெய்த துணியின் கரை ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. நேர்கோடு பார்க்கத் தெரிந்த மனிதருக்குக் கரை ஏன் நேராக வரவில்லை என்பது எனக்கு அதிசயமாக இருந்தது.

ஒருநாள் நைனா அந்தத் துணியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் கையை வைத்தார். அப்படி அவர் யார் தோளிலும் கைவைத்து நான் பார்த்ததில்லை. "மச்சான், ஒம்மேல எனக்குக் கோவமில்ல. ஒன் காலு இங்க நிக்காது. நிக்க வெச்சா நீயும் கெட்டுப்போவ, எம் பொண்ணு வாழ்க்கையும் கெட்டுப்போவும்" என்றார். மாமா குழியிலிருந்து ஏறி வந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

வைகாசியில் முள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். சொந்தமாக இரண்டு தறி, ஓட்டு வீடு. கூடம் நிறைய ஜனம். தட்டை மாற்றுவதற்கு முன்பு எங்கள் தெருப் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "முறைமாமன் எதிர்லயே நிக்கிறான். அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறந்தான் தட்டு கை மாறணும்."

மாமா இல்லை என்று சொன்னால் தட்டு வந்த வழியே திரும்பிவிடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்கதவுக்குப் பின்னால் அக்காவின் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோட்டில் பொத்தான் இல்லாத இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, தலையை நிமிர்த்தி, "ஆல்ரைட்டு!" என்றார்.

"இன்னா சொல்றாரு இவரு?" என்று முள்ளிப்பட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். அந்தக் கூடத்திலேயே அவர் இங்கிலீஷுக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. "சம்மதம்னு அர்த்தம்!" என்றேன். எல்லோரும் சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். தட்டு கை மாறியது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அக்கா விஷயத்தைப் பேசும்போது, அக்காவிடம் பேசுகிற அந்த மெதுவான குரலில் சொல்லாமல், பால்காரருக்கும் மாட்டுக்கும் சொல்கிற குரலில் எதற்குச் சொன்னார்?

கல்யாணத்தில் தாய்மாமன் செய்யவேண்டியது எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். மாலை போட்டு, கைபிடித்து, மணையில் கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர்தான். மறுவாரம் களம்பூர்ப் பக்கம் போகிற ஒரு நெல்வண்டியில் ஏறிக்கொண்டார். நான் தெருமுனை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். "எப்ப வருவ மாமா?" என்று கேட்டேன். "ஆல்ரைட்டு" என்றார். அதற்கு மட்டும் என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் நட்ட கம்புகளின் வழியாக ரயில் வந்தது. அவர் வரவில்லை. கம்பு நடுகிற வேலை அவரை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிற்றோ, தெரியாது.

ஆவணி மாதம் என்னை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தான் நல்ல மனிதர். எனக்கென்று தினம் பொட்டுக்கடலை வாங்கிவருவார். அங்கேயும் விடியற்காலையில் பாவு நீட்டினார்கள். இந்த முனையில் அத்தான் குனிந்து பார்த்தார். அந்த முனையில் அக்கா கம்பைப் பிடித்திருந்தாள். "ஆங், சரி. கட்டிடு" என்றார் அத்தான் ஒரே பார்வையில். அக்கா கட்டவில்லை. அவள் கை ஒரு விரல் அளவு வலப்பக்கம் நகர்ந்தது. நின்றது. இன்னும் ஒரு விரல் நகர்ந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து ஏதோ வரவேண்டியிருப்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

நான் அவளிடம் ஓடினேன். "ஏங்க்கா நகத்துற? அதான் சரின்னுட்டாரே?"

"இன்னும் சொல்லலியே" என்றாள் அக்கா.

அத்தான் மறுபடி உரக்கச் சொன்னபிறகுதான் கம்பைக் கட்டினாள்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, முள்ளிப்பட்டுக்குப் போனதிலிருந்து அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது, எண்ணெய் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஈரவிறகு, ஒரே புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது காய்ந்த விறகு. நான்தான் காலையில் வெயிலில் போட்டு எடுத்துவந்தேன்.

அவ்வளவுதான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். நீ எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு. உன்னைப் பெற்ற வழி ஆயா, என் அக்கா, அவள் விரல்தான் உனக்கும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கமாகவே நகர்ந்துகொண்டு போகிறது. யாராவது சொன்னால்தான் நிற்கும் போலிருக்கிறது.

ஆல்ரைட்டு. இப்போது முதலிலிருந்து வாசி, கேட்கிறேன்.